அந்தக் கேள்வியையும் கேளுங்கள்: சென்னைக் கல்லூரிகளின் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

நான் திருவல்லிக்கேணியில் இருபத்திரண்டு வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பி.பார்ம் படித்தவன். டாக்டர் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. கடையைச் சுற்றி மேன்ஷன்கள் என்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் மாணவர்கள். தலைவலி, வயிற்றுப்போக்கு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி வராத தூக்கம் எல்லாவற்றுக்கும் முதலில் என் கவுன்டருக்குத்தான் வருவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன ஜூன் 26 அன்று ஒரு கல்லூரியில் மன்றக் கூட்டம். கடைக்கு வரும் பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டிருந்தார், போயிருந்தேன். உறுதிமொழி எடுத்தார்கள். காபி நன்றாக இருந்தது. திரையில் கஞ்சா, கூல் லிப், ஊசி, மாத்திரை அட்டை, ஸ்டாம்ப் என்ற போதைத் தாள், போதைக் காளான் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைத்து நடுவில் ஒரு மண்டை ஓட்டைப் போட்டிருந்தார்கள். பேச வந்தவர், "ஒரே ஒரு ஸ்டாம்ப், மூளை செல் மொத்தமும் காலி. ஒரு தடவை தொட்டால் ஆயுசுக்கும் அடிமை" என்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த பையன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். அவன் போனை எட்டிப் பார்த்தேன், தப்புதான். போதைக் காளான் மனச்சோர்வைக் குணமாக்குகிறது என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேசும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் மேடையில் சொன்ன எதையும் அவன் நம்பியிருக்க மாட்டான். அவன் அவசியம் நம்பியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதை அன்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்டாம்ப். அந்தத் தாளில் ஊறியிருக்கும் எல்எஸ்டி என்ற மருந்தை 1938இல் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் கம்பெனியின் ஆய்வகத்தில் தயாரித்தார். தானியக் கதிரில் வரும் ஒரு பூஞ்சையிலிருந்து தொடங்கிய வேலை அது. ஐந்து வருடம் கழித்து, 1943 ஏப்ரல் 19 அன்று 250 மைக்ரோகிராம் எடுத்துத் தானே விழுங்கிப் பார்த்தார். சைக்கிளில் வீடு போய்ச் சேர்வதற்குள் உலகம் உருகி வழிந்தது, செத்துவிடுவோம் என்று பயந்தார். வந்து பார்த்த டாக்டருக்கோ, கண்ணின் பாவை விரிந்திருந்ததைத் தவிர உடம்பில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? கடையில் நான் சொல்லும் கணக்கையே சொல்கிறேன். உங்கள் அம்மா காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரையில் 50, 100 என்று போட்டிருக்கிறதே, அது மைக்ரோகிராம். ஒரு ஆளைப் பத்து மணி நேரம் வேறு உலகத்தில் வைத்திருக்க எல்எஸ்டியும் கிட்டத்தட்ட அதே 100 மைக்ரோகிராம்தான் வேண்டும். டோலோ 650 மாத்திரையில் உள்ள மருந்தின் எடைக்கு எல்எஸ்டி இருந்தால் 6,500 பேருக்குப் போதும். தைராய்டு மாத்திரையை ஒரு கம்பெனி அளந்து, சோதித்து, பேட்ச் நம்பர் போட்டு அனுப்புகிறது. ஸ்டாம்பை யார் அளந்தார்கள்? ஒரு தாளில் ஒரு மூலைக்கு அதிகமும் இன்னொரு மூலைக்குக் குறைவுமாக மருந்து ஊறியிருக்கலாம். எல்எஸ்டி என்று சொல்லி என்-போம் வகை ரசாயனத்தைத் தடவி விற்றதும், அதைத் தின்றவர்கள் செத்ததும் வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல என்னாலும் முடியாது.

சரி, உள்ளே போய் அது என்னதான் செய்கிறது? நம் மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் வந்து உட்காரும் இடங்கள் பல வகை. அதில் 2ஏ என்று ஒரு வகை ஏற்பி, மூளையின் மேல்புறணியில் அடர்த்தியாக இருக்கிறது. எல்எஸ்டி அதில் போய் உட்காருகிறது. காளானில் இருக்கும் சைலோசிபின், உடம்புக்குள் சைலோசினாக மாறி அங்கேயே போய்ச் சேர்கிறது. காளான் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். எல்எஸ்டி லேசில் எழுந்திருக்காது. அது உள்ளே போனதும் ஏற்பியின் ஒரு பகுதி மேலே மூடி மாதிரி மடங்கிக்கொள்கிறது என்று, 2ஏவுக்கு நெருங்கிய உறவான 2பி ஏற்பியில் 2017இல் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள்.

அதன் விளைவைச் சொல்ல நம்மிடம் பழைய உவமை ஒன்று இருக்கிறது: கயிற்றரவு. இருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிகிறது. ஏனென்றால் மூளை பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை, முதலில் ஊகித்துவிட்டு அப்புறம் கண் அனுப்புவதோடு ஒத்துப் பார்க்கிறது. நாள் முழுக்க அந்த ஊகங்களில்தான் வண்டி ஓடுகிறது. 'நான் இப்படிப்பட்டவன், எனக்கு எதுவும் விளங்காது' என்பதும் ஓர் ஊகமே. இந்த மருந்துகள் அந்த ஊகங்களின் பிடியைத் தளர்த்துகின்றன என்பது லண்டனில் மூளை ஆய்வாளர் ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸும் கூட்டாளிகளும் முன்வைத்த கருத்து. 2012இல் அவர்கள் சைலோசிபின் கொடுத்து ஸ்கேன் எடுத்தபோது, நாம் சும்மா உட்கார்ந்து நம்மைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் அடங்கியிருந்தன. 2024இல் அமெரிக்காவில் ஏழு பேரைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்ததில், அந்தப் பகுதிக்கும் நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸுக்கும் உள்ள இணைப்பு சில வாரங்கள் வரை தளர்ந்தே இருந்தது. ஏழே ஏழு பேர். அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

செல் சாகிறதா என்றால், 2018இல் ஆய்வகத்தில் பார்த்தது நேர்மாறு. எலிகளின் நியூரான்களில் புதிதாகக் கிளைகள் முளைத்தன. இதை ஒரு பையன் படித்துவிட்டு உங்கள் கூட்டத்துக்கு வந்தால் சிரிக்காமல் என்ன செய்வான்? கிளை முளைப்பதால் எல்லாம் நன்மை என்றும் ஆகிவிடாது. உழுது போட்ட நிலத்தில் நெல்லும் வரும், சீமைக் கருவேலமும் வரும். அடிமையாகும் விஷயமும் அப்படித்தான். சாராயமோ ஹெராயினோ பிடித்துக்கொள்வது போல இவை பிடித்துக்கொள்வதில்லை. மறுநாளே இன்னொன்று போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது. இதையெல்லாம் மறைத்துப் பேசுவதால் உங்களுக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பையன் பார்த்த வீடியோவிலும் உண்மை இருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் புற்றுநோய் வந்து மரண பயத்தில் இருந்தவர்களுக்கு சைலோசிபின் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு அந்த பயமும் சோர்வும் மாதக்கணக்கில் குறைந்திருந்தன. 2022இல் வெளிவந்த பெரிய சோதனையில் 233 பேர். எல்லாரும் வேறு மருந்துகள் கேட்காத மனச்சோர்வு உள்ளவர்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு 25 மில்லிகிராம் சைலோசிபின், ஒரே ஒரு தடவை. மூன்று வாரத்தில் அந்தப் பிரிவில் 29 சதவீதம் பேருக்குச் சோர்வு விலகியிருந்தது. பேருக்கு 1 மில்லிகிராம் கொடுத்தவர்களில் அது 8 சதவீதம். ஆனால் அதே சோதனையில் தற்கொலை எண்ணம் வந்தவர்களும் இருந்தார்கள். 2021இல் எஸ்சிடாலோபிராம் என்ற வழக்கமான மனச்சோர்வு மாத்திரையோடு சைலோசிபினை நேருக்கு நேர் மோதவிட்டார்கள், 59 பேர். முதன்மை அளவுகோலில் பெரிய வித்தியாசம் இல்லை. எஸ்சிடாலோபிராம் என் கடையில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, அதை யாரும் வீடியோவாகப் போடுவதில்லை. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் சைலோசிபினையும், எக்ஸ்டசி என்று விற்கப்படும் எம்டிஎம்ஏவையும் எழுதலாம் என்று விட்டது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட்டில் எம்டிஎம்ஏவுக்கு அனுமதி கேட்ட மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தச் சோதனைகளின் முடிவைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள். வாசலில் யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதைப் படிப்பதில்லை. கிட்டத்தட்ட எல்லாச் சோதனைகளிலும் ஆள் சேர்க்கும்போதே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்கோ, உங்கள் ரத்த சொந்தத்தில் யாருக்காவதோ மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா), மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறும் பைபோலார் மாதிரி நோய் இருந்திருக்கிறதா? ஆமாம் என்றால் கதவு அங்கேயே சாத்தப்படும். உள்ளே போனவர்களுக்கு மணிக்கணக்கில் முன்பேச்சு, அளந்த மருந்து, பக்கத்தில் நாள் முழுக்க இரண்டு பேர், மறுநாள் மறுபடி பேச்சு. நாவலூரில் ஒரு ஃபிளாட்டில் சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கரை அலறவிட்டு ஆளுக்கொரு ஸ்டாம்ப் நாக்கில் வைக்கிறவர்களுக்கு இதில் எதுவும் இல்லை என்பது கிடக்கட்டும். அந்த முதல் கேள்வியைக் கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

இன்னொன்று. கேட்டாலும் நம் பையன்களுக்குப் பதில் தெரியாது.

ஏன் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊரில் ஒருவரைக் கேவலப்படுத்த "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்றால் போதும். 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனை இருக்கும் பாவத்துக்கு அந்தப் பேட்டையின் பெயரே வசவாகிவிட்டது. அத்தை பைபோலாருக்கான லித்தியம் சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது. ஆகவே என் கடையில் அந்த மாத்திரைகளுக்குத் தனிச் சடங்கு. கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்பார்கள். சீட்டை நான்காக மடித்து நீட்டுவார்கள். பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு அட்டையை மட்டும் காக்கிக் கவரில் போட்டு வாங்கிக்கொள்வார்கள். கேட்டால் "நரம்பு மாத்திரை". இந்த நான்கு தெருக்களின் குடும்ப வரலாறு முக்கால்வாசி என் பில் புத்தகத்தில் இருக்கிறது. வெளியே சொல்ல எனக்கு உரிமை கிடையாது, சொல்லவும் மாட்டேன். மாலையில் அதே வீட்டுப் பையன் வந்து ஓஆர்எஸ் பாக்கெட் கேட்பான், கொடுத்து அனுப்புவேன்.

அப்படி ஒரு பையன் என் சொந்த அக்கா மகன்.

மூன்றாம் வருடம் இன்ஜினீயரிங். அதே மாதிரி ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஐந்து பேர். விடிந்ததும் நான்கு பேர் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். இவன் இறங்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் தூங்கவில்லை. 19ஆம் நம்பர் பஸ்ஸின் பலகை தனக்குத் தகவல் சொல்வதாகப் பேசியிருக்கிறான். நண்பர்கள் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, மோர் கொடுத்தால் இறங்கிவிடும் என்று மோராகக் கொடுத்திருக்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை யார் ஊட்டினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் நாள்தான் அக்காவுக்குப் போன் வந்தது. பாட்டி, மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வேனே பேசிவிட்டாள். ஒரு வழியாக ஐந்தாம் நாள் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்வியே அதுதான். "வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கிறதா?"

அக்கா மூச்சுவிடாமல் சொன்னாள்: "எங்க ரெண்டு பக்கத்திலயும் அந்தப் பேச்சே கிடையாது டாக்டர்." அவள் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தத் தம்பிக்குப் பதினோரு வருடமாக லித்தியம் ஓடுகிறது. மாதாமாதம் காக்கிக் கவரில் போட்டுக் கொடுப்பவன் நான். லித்தியம் எடுப்பவர்களுக்கு சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். அந்த டெஸ்டுக்கு வீட்டில் பெயர் "சுகர் டெஸ்ட்". சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று நம்பித்தான் பையன் வளர்ந்திருக்கிறான். தீபாவளிக்கு அவருக்கு மட்டும் இனிப்பு தராமல் ஒளித்து வைப்பானாம்.

அந்த அறையில் நானும் வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து வராந்தாவில் டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு சீட்டில் எதையோ மாற்றி எழுதினார்.

ஸ்டாம்ப் போடாமல் இருந்திருந்தால் அவனுக்கு இது வந்தே இருக்காதா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருவது. பெற்றோர், கூடப் பிறந்தவர் யாருக்காவது இருந்தால் சுமார் பத்துப் பேருக்கு ஒருவர் என்று ஏறும். பைபோலாரும் வழிவழியாக வருவதுதான். இரண்டுமே பலருக்குத் தலைகாட்டும் வயது பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை, சரியாக உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் வயது. கனடாவின் ஒன்டாரியோவில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2024இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த வகைப் போதையால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில், மூன்று வருடத்துக்குள் மனச்சிதைவு கண்டறியப்படுவது மற்றவர்களைவிட 21 மடங்கு. மற்ற போதைப் பழக்கம், முன்பே இருந்த மனநோய் எல்லாவற்றையும் கழித்த பிறகும் மூன்றரை மடங்கு. போதைதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. இவர்கள் அவசரப் பிரிவு வரை வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இது நெருப்போடு விளையாட்டு என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கேயும் படித்ததில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தில் மண்டை ஓட்டை எடுத்துவிட்டு அந்தக் கேள்வியைத் திரையில் போடுங்கள். 'இன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேள்: நம் வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்திருக்கிறதா? யாராவது நரம்பு மாத்திரை சாப்பிடுகிறார்களா? ஊரைவிட்டுப் போனவர், சாமியாராகப் போனவர், கிணற்றில் விழுந்தவர் யாராவது உண்டா?' நம் வீடுகளில் மனநோய்க்கு வைத்திருக்கும் மாற்றுப் பெயர்கள் அவை. பெற்றோர் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு. மார்க்கைப் பற்றி மட்டும் பேசி அனுப்பும் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதா?

மேடையில் காவல்துறை அதிகாரி இருக்கட்டும், தப்பில்லை. சட்டமும் தெரிய வேண்டும். 1985 போதைப்பொருள் சட்டத்தில் எல்எஸ்டிக்கு வணிக அளவு வெறும் 0.1 கிராம், அதற்குக் குறைந்தது பத்து வருடம் கடுங்காவல். ஸ்டாம்பின் காகித எடையையும் சேர்ப்பதா என்றே நீதிமன்றங்களில் வாதம் நடந்திருக்கிறது. இது தெரிந்தால் நண்பனுக்காக வாங்கி வைத்துக்கொள்ளும் பையன் யோசிப்பான். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், உட்கொண்டது அல்லது சிறிய அளவு வைத்திருந்தது தொடர்பான வழக்கிலிருந்து விலக்கு பெற அது இடம் தருகிறது. அதை மேடையிலிருந்து யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அதிகாரியின் பக்கத்து நாற்காலியில் ஒரு மனநல மருத்துவர் உட்காரட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் நிலை தடுமாறினால் தனியாக விடாதே, மொட்டை மாடிக்கும் பால்கனிக்கும் போக விடாதே, விளக்கைக் குறை, அமைதியாகப் பேசு, உடம்பு கொதித்தாலோ வலிப்பு வந்தாலோ 108, என்ன போட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதே என்று அவர் சொல்லட்டும். மறுநாளும் தூக்கமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தால் மோர் வேண்டாம், மருத்துவமனை. பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள்.

ஏற்கெனவே மாத்திரையில் இருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. போன வருடம் ஒரு பையன் வந்து, எஸ்சிடாலோபிராமை நிறுத்தினால் எத்தனை நாளில் உடம்பைவிட்டுப் போகும் என்று கேட்டான். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் புரிந்தது. அந்த மாத்திரை இருந்தால் காளான் ஏறாது என்று எங்கோ படித்திருக்கிறான், கொடைக்கானல் டூர் வருகிறது, அதற்காக நிறுத்தப் போகிறான். காளானைவிட அந்த நிறுத்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது. லித்தியத்தோடு இவை சேர்ந்தால் வலிப்பு வந்ததாகவும் பலர் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டான், சரி. கேட்காதவர்கள் எத்தனை பேர்?

அக்கா மகன் இப்போது படிப்பைத் தொடர்கிறான். ஒரு வருடம் போய்விட்டது, அவ்வளவுதான். மாத்திரையை அவனே வந்து வாங்கிக்கொள்கிறான். முதல் மாதம் பழக்கதோஷத்தில் காக்கிக் கவரை எடுத்தேன். "கவர் எதுக்கு மாமா" என்று சொல்லி அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், பாதி வெளியே தெரிகிற மாதிரி. சித்தப்பாவுக்கும் சேர்த்து அவன்தான் வாங்கிப் போகிறான். அக்காவுக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.

உங்கள் மன்றத்தில் யாருக்காவது இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் கடை அடைத்திருப்பேன், வருகிறேன். அக்கா மகனையும் கேட்டேன். மேடையில் ஏற்றாமல், மாணவர்களோடு கீழே உட்கார்ந்து பேசுவதாக இருந்தால் அவனும் வருகிறானாம்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணியில் ஒரு மருந்துக் கடைக்காரன்